மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவன்

எழுபதுகளில் நான் இடுக்கி மலையின் தமிழ்நாட்டு எல்லையில், சோதனைச் சாவடிக் காவலராக இருந்தேன். ஏலக்காய் மூட்டைகளுக்குள் ஒரு கும்பல் கஞ்சா கடத்துவது எங்களுக்குத் தெரியும். ஆனால் பிரித்த மூட்டையிலெல்லாம் ஏலக்காய்தான் இருந்தது. வியாபாரிகள் கொதித்துப்போனார்கள்.

"இன்னொரு மூட்டைய வீணாப் பிரிச்சா நம்ம வேலையே போயிரும் கண்ணு" என்றார் பாலக்காட்டுக்காரரான எங்கள் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை ஒரு ஜீப் வந்தது. பின்னால், ஏலக்காய் மூட்டைகளின் மேல் ஒருவன் சொகுசாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். மூட்டையில் சாய்ந்தாலே அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். காய் வெடித்தால் வண்டன்மேட்டு ஏலச் சந்தையில் விலை போகாது.

"என்னண்ணே, காய் மேலயா உக்காந்து வர்றீக? வெடிச்சிராது?"

"வெடிச்சா வெடிக்கட்டும்" என்று சிரித்தான்.

"சார், பிரிங்க!" என்று கத்தினேன்.

மேலே ஒரு சாண் ஏலக்காய். அதற்குக் கீழே முழுக்கக் கஞ்சா! அவனை வைத்தே கும்பலின் தலைவன் வரை பிடித்துவிட்டோம்.

அன்று இன்ஸ்பெக்டர் என்னைக் கட்டிப்பிடித்து, "இப்ப நீ உக்காரு கண்ணு அது மேல, ராஜா மாதிரி!" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. மேலே இருந்தது நல்ல காய்.