சாரலில் காயாத துப்பாக்கி உறை

நான் எழுதிப் பழகினவள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் தோல் வேலை செய்கிறவர். தென்காசியில் போலீஸ் ஸ்டேஷன் மதிலை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டிருந்தோம். முன்பக்கம் வேலை, பின்பக்கம் அடுப்பும் பாயும். இடம் எங்களுடையது இல்லை. போலீஸ்காரர்களின் பெல்ட், பூட்ஸ் எல்லாவற்றையும் அவர் தைத்துக் கொடுத்ததால் யாரும் எங்களை எழுப்பவில்லை, அவ்வளவுதான். வீசைக்கல் போய்க் கிலோக்கல் வந்துகொண்டிருந்த காலம் அது. என் வயிற்றில் மூத்தவன் இருந்தான்.

சாரல் தொடங்கிய சமயத்தில் எஸ்.ஐ. ஐயாவுக்கு இடுப்பில் மாட்டுகிற ரிவால்வர் உறை புதிதாக வேண்டும் என்று ஏட்டையா வந்து சொன்னார். பழைய உறை குற்றாலத்தில் அருவிக்கரை டியூட்டியில் நனைந்து நனைந்து நூல் இற்று, பூஞ்சை பூத்துக் கிடந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம்.

"ஐயா அந்தப் பீத்த உறையோட அதிகாரி முன்னால நின்னாருன்னு வையி, பெறகு நீங்க இந்தக் கொட்டகையில இருக்க முடியாது. நான் சொல்லுதது நல்லதுக்குத்தான், பாத்துக்கோ" என்றார் ஏட்டையா. அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்குப் போக்கிடமாகத் தாய்வீடு கிடையாது. மழையில் பிள்ளையை எங்கே பெறுவேன் என்பதே நினைப்பாக இருந்தது.

துப்பாக்கி உறைக்கு எல்லாத் தோலும் ஆகாது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட கனத்த தோல் வேண்டும். அதுதான் தண்ணீரில் ஊறினால் இளகும். காய்ந்தால் பிடித்த வடிவத்திலேயே நிற்கும். ரிவால்வரை ஸ்டேஷனை விட்டு வெளியே தரமாட்டார்கள். அதனால் வீட்டுக்காரர் அங்கேயே போய், ஏட்டையா பக்கத்தில் நிற்க, அதைக் காகிதத்தில் கிடத்திச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு வந்தார். குண்டு போடுகிற உருளையின் பருமனை நூலால் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு மஞ்சணத்திக் கட்டையில் ஒரு பொய்த் துப்பாக்கி செதுக்கினார்.

தோலை உளியால் அறுப்பதும், கவராயத்தால் ஓரத்தில் கோடு கீறுவதும், அந்தக் கோட்டில் குத்தூசியால் துளை போடுவதும் அவர் வேலை. தைப்பது நான். மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசியை விட்டு இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. தோலை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து முழங்காலால் இடுக்கிக்கொண்டுதான் தைப்போம். வயிறு பெருத்தபின் பலகை முட்டும். ஒருக்களித்து உட்கார்ந்து தைத்தேன். நூல் இழுத்து இழுத்துச் சுண்டுவிரல் ஓரம் பிளந்து, புளி கரைக்கும்போது எரியும். முடியவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தைத்து முடித்து, தண்ணீரில் ஊறவைத்து, மெழுகு தேய்த்த கட்டையை உள்ளே திணித்து, மாட்டுக் கொம்புத் துண்டால் உருளையின் மேடும் பள்ளமும் தெரிய அழுத்தித் தேய்த்தார். உறை அழகாக வந்தது. ஆனால் வெயில் இல்லை. மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. கொட்டகைக்குள் தொங்கப்போட்டால் தோல் காயவில்லை, தொய்ந்தது. கட்டை ஈரத்தைக் குடித்து ஊதி, உள்ளே இறுகிக்கொண்டது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில், அருவிக்கரையில் நிற்கிற போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்க வேண்டும் என்று அவரையும் வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

போகும்போது சொன்னார்: "அடுப்புக்கிட்ட மட்டும் காட்டிராத. சுருண்டு போவும். நெல்லு மில்லு பாய்லர் சொவத்துல சாத்து. உன் உள்ளங்கை தாங்குத சூடுதான் தோலுக்கும்."

சாரல் காலத்தில் தென்காசிப் பெண்கள் பிள்ளைத்துணிகளை மில்லின் பாய்லர் சுவரில் உலர்த்திக்கொண்டு வருவது வழக்கம். நான் போனதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு போகவே கூச்சம். இப்போது கையில் இது வேறு. நனையக்கூடாது என்று உறையைக் கட்டையோடு முந்தானைக்குள் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு, இலத்தூர் ரோட்டு மில்லுக்கு நடந்தேன்.

நெல் அவிக்கிற பெண்கள் வாசலிலேயே பார்த்துவிட்டார்கள்.

"ஏட்டி, என்ன வயிறு இப்படி ஒரு பக்கமா முட்டிக்கிட்டு நிக்கி? ரெட்டப் பிள்ளையா?" என்றாள் ஒருத்தி.

நான் முந்தானையை இழுத்துவிட்டேன். கட்டையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டது.

"யாத்தே! துப்பாக்கில்லா வச்சிருக்கா!"

"மாமியாளச் சுடப் போறாளோ என்னமோ."

"அது இல்ல மதினி. இவ வயித்துல இருக்கது போலீசு. துப்பாக்கிய முன்னாலயே அனுப்பிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. மரக்கட்டைதான் என்று எடுத்துக் காட்டினேன். அதற்குள் பாய்லர் பார்க்கிற அண்ணாச்சி வந்துவிட்டார்.

"என்னம்மா அது, தோலா? நெல்லு கெடக்க எடத்துல தோலக் கொண்டாந்தா மொதலாளி என்னையல்லா வெளிய தள்ளுவாரு? எடு, எடு."

"அண்ணாச்சி, இது காயலன்னா எங்களக் கொட்டகைய விட்டு எழுப்பிருவாங்க" என்றேன். அந்நிய ஆம்பிளையிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பின்னால சாம்பக்குழிப் பக்கம் போ. சொவரு அங்கனயும் சூடாத்தான் இருக்கும். முன்னால மட்டும் வந்துராத" என்றார்.

சாம்பல் குழிப் பக்கம் இறவாரம் குறுகல். முதுகில் தண்ணீர் சொட்டியது, முகத்தில் சூடு அடித்தது. சுவரில் சாத்தி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணிவிடும் என்பதால் கையிலேயே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். உருளைப் பக்கம் தொய்யும்போதெல்லாம் இடுப்பில் செருகி வந்திருந்த கொம்பால் தேய்த்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதென்று நின்றே இருந்தேன். கால் வீங்கி மெட்டி பிடித்தது. சிரித்த பெண்களில் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள். செம்பைத் தரவில்லை. குடித்தேன்.

மத்தியானம் தாண்டி எப்போதோ நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது கை சரிந்து உறை சுவரோடு ஒட்டியிருந்தது, அதன் ஒரு ஓரம் கருத்திருந்தது. பயத்தில் வெடுக்கென்று இழுத்து உதறினேன். உள்ளே கட்டை 'டொக்'கென்று தட்டியது. சூட்டில் கட்டை வற்றியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. உறை தொய்யாமல் நின்றது. உருளையின் மேடு அப்படியே இருந்தது. கருத்த ஓரம் இடுப்பை ஒட்டி உள்பக்கம் போகிற ஓரம். வெளியே தெரியாது.

இருட்டுவதற்குள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டேன், ஏட்டையா வந்து உறையை வாங்கிப் போனார். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தமும் பூட்ஸ் சத்தமும் கேட்டன. நான் பாயைச் சுருட்டி, பானையைக் கவிழ்த்து, எழுப்பினால் எடுத்துக்கொண்டு போவதற்குத் தோதாக எல்லாவற்றையும் ஒரு மூலையில் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் குற்றாலத்திலிருந்து திரும்பி வந்து, எதற்கு இது என்றுகூடக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஏட்டையா சிரித்துக்கொண்டே வந்தார். "ஏலே, அடிச்சிட்டியே! ரிவால்வர உள்ள வச்சுத் தலகீழாப் பிடிச்சாலும் விழல. அதிகாரி கையில வாங்கிப் பாத்தாரு. சுத்துப்பட்டு ஸ்டேஷன் எல்லாத்துக்கும் இவன்கிட்டயே தைக்கச் சொல்லுங்கன்னுட்டாரு. உங்கள இனிமே எவன்லே எழுப்புவான்?"

வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பாயை விரித்துப் படுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக்கூடாது என்பார்கள், படுத்துவிட்டேன்.

"ஏட்டி, அத்தன உறையும் இந்தச் சாரலுக்குள்ள வேணுமாம்" என்றார் அவர்.

கொட்டகை நின்றது. மூத்தவன் அங்கேதான் பிறந்தான், அடுத்தவளும் அங்கேதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சாரலுக்கும் நான் சாம்பல் குழிப் பக்கம் நின்றேன். முதலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிறகு பிள்ளையைக் கீழே விளையாட விட்டுவிட்டு. முன்பக்கம் வா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கட்டை மஞ்சணத்திதானா வேறு மரமா, மில் இலத்தூர் ரோட்டிலா அல்லது ஆய்க்குடி ரோட்டிலா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவரும் இல்லை, கேட்க ஆள் இல்லை. தோல் வேலை தெரிந்தவர்களோ அந்தக் காலத்துத் தென்காசி தெரிந்தவர்களோ இதைப் பார்த்தால், தப்பு இருக்கிற இடத்தில் திருத்திக் கொடுங்கள்.