வரிசை கட்டி நின்ற கலகக்காரர்கள்

ஈப்போவில் எங்கள் தேவாலயக் குடும்ப விழாவுக்கு நாடகம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லோரும் பைபிள் கதையை எதிர்பார்த்தார்கள். நான் அப்போது படித்துக்கொண்டிருந்ததோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து விற்கப்பட்டவர்கள் கியூபா கடலில் விலங்கை உடைத்துக் கப்பலைக் கைப்பற்றிய வரலாறு. சூரியன் உதிக்கும் பக்கம்தான் சொந்த ஊர் என்பது அவர்களுக்குத் தெரியும், கப்பலோட்டத் தெரியாது. உயிரோடு விட்டுவைத்த இரண்டு எஜமானர்கள் பகலில் கிழக்கே ஓட்டிவிட்டு, இருட்டியதும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். படித்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கேப்டன் வேடத்துக்கு ஆள் தேடவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர். குரல் இன்னும் இறங்கவில்லை. அடிமைகளாக, அதே தோட்டத்தில் பால் வெட்டியவர்களையே பிடித்துப் போட்டேன். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியதும் எங்கள் பக்கம் குடிவந்தவர்கள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் ஒத்திகையிலேயே அது பல்லிளித்தது. கேப்டன் பேர்ப் புத்தகத்தை விரித்துக் கூப்பிட்டதுதான் தாமதம், தாறுமாறாகக் கிடக்க வேண்டிய அடிமைகள் எழுந்து வரிசை கட்டி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். கலகத் தலைவியாக நடித்த அக்கா, இப்போது பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர், பாய்ந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டும். அவரோ இரண்டு கையையும் நீட்டி, “குடுங்க ஐயா,” என்றார்.

“அக்கா, இது கலகம்லா! சர்ச்ல நற்கருணையா வாங்குறீங்க?”

“கை வரமாட்டேங்குது தம்பி. ரொம்ப சூசாலா, கஷ்டமா இருக்கு.”

தேநீர் குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் அவருடைய அம்மா இழுத்துக்கொண்டிருந்த காலையில், இதே கிராணியிடம் லீவு கேட்டாராம். “வெட்டி முடிச்சிட்டுப் போ,” என்றாராம் அவர். அக்கா முடித்துவிட்டுத்தான் போனார். அம்மா அதற்குள் போய்விட்டார்.

“அன்னிக்கே கெளம்பியிருக்கணும் தம்பி. ஏன் நின்னேன்னு இன்னும் தெரியல. ஒரு தடவையாவது அந்த புக்கை ஒத்தக் கையால பிடுங்கணும்.”

கேலி செய்ததற்கு வெட்கமாக இருந்தது. வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டேன். முறைத்தார்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. கேப்டன் பேர் கூப்பிட்டார். நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் அடிமைகள் பழையபடி வரிசை கட்டினார்கள். அக்கா மட்டும் நிற்கவில்லை. நேரே போய் ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடுங்கினார். கைதட்டல் அள்ளியது. ‘கப்பலைத் திருப்பு’ என்பதுதான் நான் எழுதிய வசனம்.

“நான் எங்கம்மாவப் பாக்கப் போறேன்,” என்றார் அக்கா.

கிராணியின் முகம் மாறிவிட்டது. சாட்டையை ஓங்கி உறும வேண்டியவர், வசனத்தை மறந்து தணிந்த குரலில், “சரிம்மா, போயிட்டு வா,” என்றார்.

“நான் கேக்கல ஐயா,” என்றார் அக்கா. “சொல்றேன்.”