மூட்டை ஏற்றி அளந்த வண்டி

என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு பட்டறையில் இருந்தவர். மணல்மேட்டில் ஏறி விளையாடுகிறவர்களின் ஜீப்புகளுக்கு லிங்க் ராடு செய்வதுதான் அங்கே வேலை. சக்கரத்து அச்சு முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிடித்து வைக்கிற இரும்புத் தண்டு அது. நீளமாக இருந்தால் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாணமான புதிதில் போனில் அவர் வேறு எதைப் பேசினார்?

போன வருடம் லீவில் வந்தவர், பட்டுக்கோட்டைக்கு வெளியே எங்கள் வயலை ஒட்டிக் கொட்டகை போட்டு வெல்டிங் மெஷினை இறக்கினார். "ரெண்டு மாசம் பாக்குறேன். வேலை சரியா அமைஞ்சா இங்கேயே இருந்துடுறேன். இல்லாட்டி டிக்கெட் போட வேண்டியதுதான்" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். அவர் இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

வந்தது ஒரே வண்டி. அதிராம்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவருடைய பழைய பிக்கப் ஜீப். கடற்கரைச் சேற்றுக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் மீனோடு திரும்பி வந்தால் போதும் என்றார் அவர். இவருக்கு அது போதுமா? வண்டியின் வயிறு வரைக்கும் நீளுகிற லிங்க், முனையில் பளபளவென்று இரும்புக் குண்டு ஜாயின்ட். "உப்புத் தண்ணி தம்பி, இரும்பு துருப்பிடிச்சுடும். ரப்பர் புஷ் போட்டா என்ன?" என்று வியாபாரி மெதுவாகக் கேட்டார். பிரியாணியில் ரசம் ஊற்றச் சொன்ன மாதிரி இவர் முகம் போனது.

முடித்ததும் அறுவடையான எங்கள் வயலிலேயே ஓட்டிக் காட்டினார். வண்டி வரப்புகளில் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. நானே கை தட்டினேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஐஸ் பெட்டிகளை ஏற்றியதும் வண்டி தாழ்ந்து, வயிற்றுக்கு அடியில் லிங்க் மாட்டிய பிராக்கெட் சேற்றில் குத்தி நின்றுவிட்டதாம். டிராக்டரை வரவழைத்து இழுத்திருக்கிறார்கள். "தம்பி, நான் வண்டியில ஏர் கட்டச் சொல்லலியே" என்றார் வியாபாரி.

அன்று இவர் சாப்பிடவில்லை. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினார். அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"லிங்க் அளக்கும்போது வண்டியில என்னங்க ஏத்தியிருந்தீங்க?"

"எதுக்கு ஏத்தணும்? அங்க வெறும் வண்டியிலதான் அளப்போம்."

"அங்க ஏறுறது ஒரு முதலாளியும் ஒரு டீ பிளாஸ்க்கும். இங்க ஏறுறது ஐஸ் பெட்டிங்க."

சூட்கேஸ் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வீட்டுல நெல்லு எத்தன மூட்டை இருக்கு?" என்றார்.

வண்டி திரும்பி வந்தது. இருந்த மூட்டைகளையெல்லாம் ஏற்றினார், விதைநெல்லைக்கூட விடவில்லை. அடியில் படுத்து அளந்து, லிங்கை ஒரு முழம் வெட்டினார். பிராக்கெட்டைச் சக்கரத்துப் பக்கமாக நகர்த்தி, மேலே தூக்கிப் பற்றவைத்தார். இனி சக்கரம் முன்போல ஏறி இறங்காது, துள்ளலும் கிடையாது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். கடைசியில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ரப்பர் புஷ்ஷையும் போட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த முறை பெட்டிகளோடு வண்டி சேற்றைத் தாண்டி வந்துவிட்டது. கூட்டாளியின் வண்டியையும் அனுப்புவதாக வியாபாரி போன் செய்தார். போனை வைத்த இவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அரைகுறை வேலை. நான் நெனைச்சதுல பாதிகூட இல்ல. அங்கன்னா நான் வச்சதுதான் அளவு. இங்க ஐஸ் பெட்டி, உப்புத் தண்ணி, நீ, எல்லாரும் ஒண்ணு சொல்றீங்க."

"அப்ப போறீங்களா?" என்றேன். இந்த முறை 'உங்க இஷ்டம்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"எப்படிப் போறது? ஒரு வண்டியாவது நான் நெனைச்ச மாதிரி செஞ்சு காட்டாம இங்கேருந்து நகர மாட்டேன்."

அவர் நினைத்த மாதிரி ஒரு வண்டிகூட அமைந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.