தொகுப்பில் விழுந்த வட்டங்கள்

எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறவன் நான். என் மேசையில் ஸ்டேப்ளர் இடப்பக்கம் இருக்கும், பஞ்சிங் மெஷின் வலப்பக்கம் இருக்கும். இதை நம்பித்தான் என் தங்கை அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சென்ற நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கவிஞர் ஒருவருடைய மொத்தக் கவிதைகளும் அடங்கிய தடித்த தொகுப்பு அது. அட்டை செங்கல் மாதிரி கெட்டி. உள்ளே தாள் பைபிள் தாள் போல மெல்லியது. தங்கை கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அந்தக் கவிஞரைப் பற்றித்தான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். கல்யாணம், குழந்தை, கல்லூரி வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் வருடக்கணக்காக இழுத்த ஆராய்ச்சி ஒருவழியாக முடிந்து, வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். தொகுப்பின் நடுவில் வரும் நீண்ட கவிதை ஒன்றைப் பற்றிய கேள்வி. அதற்கான பதிலை அந்தக் கவிதையின் பக்கங்களிலேயே, குட்டை வரிகளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில், பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். வேறு எங்கும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஒழுங்கு முழுவதும் எனக்கே வந்துவிட்டது.

புத்தகத்தின் முதுகு விட்டுப்போய் தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தவள், “ராயபுரத்துல உனக்குத் தெரிஞ்ச பைண்டர் இருக்காருல்லண்ணா, ஒட்டி வாங்கி வை. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன்” என்றாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அப்போது நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கமர்ஷியல் மேனேஜர். மாலையில் எங்கள் ஊரிலேயே இருக்கும் ராயபுரத்துக்குப் போனால் பைண்டர் கடை பூட்டியிருந்தது. சொந்தத்தில் காதுகுத்தாம். மறுநாள் நான் தூத்துக்குடி போக வேண்டியிருந்ததால், புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோய் ஆபீஸ் மேசையில் வைத்தேன். மேலே ஒரு சீட்டும் வைத்தேன்: ‘பைண்டிங்குக்குப் போக வேண்டியது. யாரும் தொடக் கூடாது.’

புதன்கிழமை காலை மேசையில் சீட்டு இருந்தது. புத்தகம் இல்லை.

அது துணிப் பிரிவில் இருந்தது. பிரிவின் இன்சார்ஜ் மடத்துக்குளத்துக்காரர், என் வயதுதான். பின்னி வரும் துணியின் எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு ஜி.எஸ்.எம். கட்டர் என்று ஒன்று உண்டு. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டி எடுக்கும், அந்த வட்டத்தைத் தராசில் போட்டுப் பார்ப்பார்கள். பிளேடு மேசையில் படாமல் இருக்கத் துணிக்கு அடியில் ஒரு ரப்பர் பலகை வைக்க வேண்டும். எங்கள் ரப்பர் பலகை நைந்து உதிர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

புத்தகம் நடுவில் விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பெரிய வட்ட ஓட்டைகள். ஓட்டை வழியாக அடுத்த கவிதை தெரிந்தது.

“என்னங்க இது?” என்றேன். எங்கள் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த ‘ங்க’ மட்டும் விட்டுப் போவதில்லை.

“வாங்க சார். ரப்பர் இல்லீங்களே. பர்ச்சேஸ்ல கேட்டுக் கேட்டு என்ற வாயே நோவுதுங்க. உங்க டேபிள்ல இது தோதா இருந்துச்சு.”

“தொடக் கூடாதுன்னு சீட்டு வெச்சிருந்தேனுங்களே!”

“சீட்ட நான் தொடவே இல்லீங்க. அது பறந்துடப் போகுதுன்னு மேல வெயிட்டு வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

“ஏனுங்க, அட்டை மேல வெச்சு வெட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. எதுக்குங்க உள்ள திறந்தீங்க?”

“அட்டை கெட்டிங்க சார், பிளேடு மழுங்கிடும். உள்ளதான் மெத்து மெத்துன்னு இருக்குது.” பக்கத்தைத் தடவிக் காட்டினார். “அதுவுமில்லாம பாதிப் பக்கம் சும்மாதானுங்க கெடக்குது. ஒரு வரிக்கு நாலு வார்த்தைய எழுதிட்டு மிச்சத்தக் காலியா உட்டிருக்காங்க. வேஸ்டேஜ் ரொம்ப ஜாஸ்திங்க.”

அந்தக் காலி இடத்தில்தான் என் தங்கையின் பதில் இருந்தது. வெட்டிய தாள் எங்கே என்று கேட்டேன். குப்பைக்குப் போயிற்று என்பார் என்று பயந்தேன். அதற்கு அவர் மிகவும் புண்பட்டவர் போலப் பார்த்தார். வெட்டிய வட்டம் எதையும் சரக்கு கப்பல் ஏறும்வரை தூக்கி எறியக் கூடாது என்பது துணிப் பிரிவின் சட்டம். துணி வட்டத்துக்கு அந்தச் சட்டம் சரி. அவர் தாளுக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருந்தார். அது மட்டுமில்லை.

“சிங்கிள் ஜெர்சி துணி வெட்டுனதும் ஓரம் அப்படியே சுருண்டுக்குமுங்க. பின்னாடி அட்டை வெச்சாலும் அளவு சேராது. இது பாருங்க, ஒரே கட்டர்ல உழுந்தது, நூல் பிசகாம ஒக்காருது.” ஃபைலைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு துணி வட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கவிதை வட்டம், நேர்த்தியாக ஸ்டேப்ளர் அடித்து, லாட் நம்பர் எழுதி. இந்த யோசனை பிடித்துப்போய், எடை பார்க்க வேண்டிய துணி தீர்ந்த பிறகும் தாளுக்காகவே இன்னும் சில வட்டங்கள் வெட்டியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் தங்கை வந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். ஓட்டைக்குள் கையை விட்டாள். கை அந்தப் பக்கம் வந்தது.

“அண்ணா, ஒரு பைண்டர் கடைக்குப் போற வழியில இத்தனை நடக்குமா?”

என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். நான் ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தேன், அவள் பாதியில் வெட்டுப்பட்ட வரிகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த வட்டம் எந்தப் பக்கத்துக்கு என்று கண்டுபிடித்து டேப் ஒட்டினாள். நிறம் பார்க்கத் துணியோடு சாய ஆலைக்குப் போயிருந்த ஒரு வட்டத்தை நானே நேரில் போய் வாங்கி வந்தேன். அதில் யாரோ நீலக் கட்டைவிரலைப் பதித்திருந்தார்கள். இன்சார்ஜ் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“அம்மிணி, ஒரு டவுட்டுங்க. இத்தன கனத்துக்கும் ஒரே ஆளு எழுதுனதுங்களா?”

“ஒரே ஆளுதாங்க.”

“வேற வேலை எதும் பாக்கலீங்களா?”

“பாத்தாருங்க. வேலை பாத்துக்கிட்டேதான் எழுதுனாரு.”

“அப்ப அந்த ஆபீஸ்ல கேள்வி கேக்க ஆளில்லீங்க போல.” என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தங்கை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் மூடாமல் நின்றது. அந்த நீண்ட கவிதையின் கடைசிப் பக்கம். பதிலின் முக்கியமான பகுதி அதில்தான் இருந்தது.

“அது பையருக்குப் போயிருச்சுங்களே,” என்றார் இன்சார்ஜ். “செவ்வாக்கெழமை கூரியர்ல. அப்ரூவல் சாம்பிளாச்சே, இருக்கறதுலயே நல்ல பேப்பராப் பாத்து வெச்சேன்.”

பையர் என்பது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி. அங்கிருந்து அதைத் தேர்வுக்குள் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அங்கே பிரித்ததும் ஒரு நகல் எடுத்து ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லலாமே என்று முதலாளியிடம் போனேன். அவர் பொங்கலூர் பக்கம் தோட்டத்துக்காரர், நல்ல மனிதர்தான்.

“ஏனுங்க, அனுப்புன சாம்பிளப் பத்தி நாமளே மறுபடி கேட்டா அவன் என்னங்க நெனப்பான்? துணில ஏதோ கோளாறுன்னுதான் நெனப்பான். அப்ரூவல் வரட்டுங்க. பொறகு கவிதையாவது கழுதையாவது, எத வேணாலும் கேட்டுக்கலாம்.”

தங்கை ஓட்டையோடு தேர்வுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தாள். தேறிவிட்டாள். தேர்வாளர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவள் பக்கத்தைப் பிரித்திருக்கிறாள். ஓட்டை. ஞாபகத்தில் இருந்ததை வைத்து என்னவோ சொல்லிச் சமாளித்தாளாம், அவரும் திருப்தியாகத் தலையாட்டினாராம்.

“அப்பறம் என்னம்மா, நல்லதுதானே?”

“நான் சொன்னது வேற பதில்ணா. அதுல எழுதியிருந்தது இத விட நல்ல பதில். அது எனக்கு இப்ப வரைக்கும் ஞாபகம் வரல.”

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் அவள் இதையே சொன்னாள். தேர்வு முடிந்த அடுத்த வாரம் பையரிடமிருந்து மெயில் வந்தது. துணி சரி. நிறம் சரி. பின்னால் வைத்திருக்கும் தாள் மிகவும் பொருத்தமாக இருக்கிறது, இனி அனுப்பும் எல்லா சாம்பிளுக்கும் இதே தாள் இருக்க வேண்டும். அப்ரூவல் கிடைத்துவிட்டதால் நான் உடனே பதில் எழுதினேன்: அந்தத் தாள் எங்களுக்கு வேண்டும், தயவுசெய்து திருப்பி அனுப்பவும், குறைந்தது ஒரு நகலாவது. அவர்கள் மரியாதையாக மறுத்தார்கள். ஒப்புதல் கொடுத்த சாம்பிளை முத்திரை வைத்து மூடியாயிற்று, சரக்கு முழுவதும் வந்து சேரும்வரை யாரும் திறக்கக் கூடாது, அதன்பின் விதிப்படி அழித்துவிடுவார்கள். என் தங்கையின் நல்ல பதில் அங்கே அங்கீகரிக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது.

மெயிலைத் தங்கைக்குப் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இன்சார்ஜ். கையில் கட்டர்.

“சார், பையர் அதே பேப்பர்தான் வேணும்ங்கறானாமுங்க. ஒரு தடவ அப்ரூவல் ஆயிட்டா நாம மாத்தக் கூடாதுங்களே. அம்மிணிக்குத்தான் பரீச்சை முடிஞ்சு போச்சே... அந்தப் புஸ்தகம் இன்னும் இருக்குதுங்களா?”