புது மாப்பிள்ளையும் கரைவலையும்

எங்கட பக்கத்தில கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்குக் குடிபோறது. எண்பதுகள் தொடங்கின நேரம், வயல் ஊரில வளர்ந்த நான் அப்பிடித்தான் சாய்ந்தமருதில கடலோரமா இருந்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன்.

என்ன கவனிப்பு! விடிஞ்சா இடியப்பம், அது செமிக்க முதல் பலகாரம். ஒரு துரும்பை எடுத்து மறுபக்கம் போட விடமாட்டாங்க. மாமி கதவுச் சீலைக்கு அங்கால நிண்டு, "அவருக்கு இன்னும் கொஞ்சம் வை புள்ள" எண்டு என்ட பொண்டாட்டிக்குத்தான் சொல்லுவா. என்னோட நேரே ஒரு சொல்லுக் கதைச்சதில்ல. அது மரியாதையாம். உம்மாட ஏச்சில வளர்ந்த எனக்கு விசர் பிடிக்காத குறை. மரியாதை பண்ணியே ஒருத்தன எவ்வளவு தூரத்தில வெக்கலாம் எண்டு அங்கதான் விளங்கிச்சு. இது என்ட வீடா, இல்ல மவுத்தாகும் வரைக்கும் நான் விருந்தாளியா?

ஒருநாள் காலையில கடற்கரைக்குப் போனன். கரைவலை இழுக்கிறாங்க, ஆள் போதாது. வலைக்குத் தலைவரான மண்டாடி, "பிடிங்க, பிடிங்க!" எண்டு கத்துறாரு. எனக்கு இருப்புக் கொள்ளுமா? கலியாணச் சட்டையோட பாய்ஞ்சு கயித்தைப் பிடிச்சன்.

அங்கதான் பிழை விட்டன். கயித்தை இழுத்து இழுத்துப் பின்னால போகணும். கடைசி ஆள் கைய விட்டிட்டு ஓடிப்போய்த் தண்ணியடியில முன்னுக்குப் பிடிக்கணும். வயல்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நான் விடவேயில்ல. தென்னமரத்தடி வரைக்கும் பின்னுக்குப் போய், சுருட்டி வெச்ச கயித்தில கால் மாட்டி, மல்லாக்க விழுந்தன். கரையே சிரிச்சிச்சு. "மாப்பிள்ள மணல்ல உழவு தொடங்கிட்டாருடா!"

நானும் சிரிச்சிட்டு எழும்பித் தண்ணிக்கு ஓடினன். யா அல்லாஹ், அந்த ஓட்டம்! வலை கரையேறக்குள்ள கீரிமீன் துள்ளின துள்ளலப் பாத்துச் சின்னப் புள்ள மாதிரிக் கூவினன். கயித்தில கை வெச்சவனுக்குக் கறிக்கு மீன் குடுக்கிறது கரை வழக்கம். மண்டாடி என்ட பங்க என்ட சாரன் மடியிலயே கொட்டினாரு.

அதோட தெருவால நிமிர்ந்து நடந்து வந்தன். வீட்டு வாசல் கடப்படியில என்னைக் கண்ட மச்சினனுக்கு முகம் செத்துப்போச்சு.

"என்ன மச்சான் செஞ்சீங்க? புது மாப்பிள்ளைய வேலைக்கு விட்ட வீடெண்டு ஊரே கதைக்குமே! உம்மா எப்பிடித் தெருவில முகத்தக் காட்டுற?"

விருந்தாளியாவே இருந்திருக்கலாம், இப்ப அதுவும் இல்லாமப் போகப்போகுது எண்டு பயந்துபோனன்.

சத்தம் கேட்டு மாமி சீலைய விலக்கிட்டு வெளியில வந்தா. மணலும் செதிலுமா நிண்ட என்னை மேலயும் கீழயும் பாத்தா. என்ட பொண்டாட்டியக் கூப்பிடல்ல.

"என்ன கோலம் மகன் இது? உள்ளுக்கு வராதீங்க, கிணத்தடிக்குப் போங்க! நல்ல சட்டையை நாசமாக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இரிக்கா?"

"ஓம் மாமி, ஓம் மாமி" எண்டு கிணத்தடிக்கு ஓடினன். என்ட கலியாணமே அண்டைக்குத்தான் நடந்த மாதிரி இருந்திச்சு.