ஆட்சேபணை இல்லை

அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மா மட்டும் தனியாக இருந்த மயிலாப்பூர் வீட்டில், அப்பா பெயரில் இருந்த தொலைபேசியை என் பெயருக்கு மாற்றி, கே.கே. நகரில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புது இணைப்புக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

“உங்க அம்மா கைப்பட ஒரு லெட்டர் வேணும் சார். ‘ஐ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன்’னு எழுதியிருக்கணும்,” என்றார் டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தா.

அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினாள். பிறகு வெள்ளைத் தாளில் எழுதினாள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

“ஒரே ஒரு வரிம்மா, பார்த்து எழுதக்கூடவா முடியாது?” என்று கத்தினேன்.

நாலாவது தாளில் குண்டு குண்டாக, எல்லாம் சரியாக வந்தது. கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடியே, “இதுக்கு என்னடா அர்த்தம்?” என்றாள்.

“எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம்.”

“இருக்குன்னா எப்படி எழுதணும்?”

என் ஆபீஸில் எத்தனையோ பேருக்கு இந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை.

அதற்குள் போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்கு அடையாறிலிருந்து சித்தி பேசுவாள். அம்மா பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

“சும்மாதான்டி இருக்கேன், சொல்லு,” என்றாள்.

நாலாவது தாளையும் கிழித்தேன்.