பதினொரு விண்ணப்பங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாத்தியார்களுக்கும் பெற்றோருக்கும் வாசல் காவலாளிக்கும் அவர் 'ரைட்டர்'தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்: "என்ன ரைட்டர் சார், காதுல விழுதா?"

இருபத்தாறு வருஷமாக அலுவலக அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவருக்கு நாற்காலி. கழுத்து வலி, முழங்கால் வலி, எந்நேரமும் பாதி தூங்கிக்கொண்டிருப்பது போன்ற முகம். அவருக்கு இருந்த ஒரே பெருமை கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவேட்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். தேதி, பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர், முடிவு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மற்ற பள்ளிகளில் குறிப்புக் கட்டத்தை எவனும் சீண்டமாட்டான். இவர் நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சேர்க்கை நடக்கும் மாதத்தில் ஒருநாள் காலை ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ஏழாவதாக ஒரு அம்மா வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவள். சக்கர நாற்காலியில் எட்டு வயது மகள். பிறவியிலேயே கால்கள் இயங்காது. வீட்டருகே இருந்த சின்னப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது.

"பாப்பாவ மூணாங்கிளாஸ்ல சேர்க்கணும் சார்."

ரைட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நாற்காலி கண்ணில் பட்டதும் வார்த்தைகள் தாமாகவே வாய்க்கு வந்தன.

"மூணாங்கிளாஸ் மாடியில இருக்கும்மா. லிஃப்ட் கிடையாது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனியா நல்ல ஸ்கூல் இருக்கு, அங்க போய் விசாரிங்க."

"விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். ரெண்டு பஸ் மாறணும். ஒரு கிளாஸக் கீழ கொண்டு வரலாமே சார்?"

"அது என் கையில இல்லம்மா."

"அப்ப யாரு கையில இருக்கு?" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

ரைட்டர் அது காதில் விழாதது மாதிரி அடுத்த ஆளைப் பார்த்தார். அம்மா நகரவில்லை.

"சேர்க்க முடியாதுன்னா எழுதிக் குடுத்துருங்க. ஊனத்தைக் காட்டி எந்த ஸ்கூலும் பிள்ளையத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. எங்க கடையில அதை முப்பது காப்பி எடுத்துக் குடுத்திருக்கேன், ஒரு காப்பி எனக்கு."

"எழுதியெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா."

"அப்ப விண்ணப்பத்த வாங்கிக்கிட்டு, இந்த நகல்ல ஒரு சீல் வெச்சுக் குடுங்க. அதுக்கும் மேலிடத்துல கேக்கணுமா?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆளை விட்டால் போதும் என்று ரைட்டர் தேதியோடு சீல் வைத்துக் கொடுத்தார். வரிசை கலைந்த பிறகு பதிவேட்டை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் வழக்கம்போல எழுதினார்: நடக்க இயலாத பிள்ளை. மாடி வகுப்பு. திருப்பி அனுப்பப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து மாற்றுத்திறனாளிகள் ஆணையத்திலிருந்து பள்ளிக்கு நோட்டீஸ் வந்தது. அதோடு சீல் வைத்த நகலின் நகல். கடைசி வரியில், கடந்த பத்து வருஷத்து விண்ணப்பப் பதிவேட்டோடு ஆஜராகவும் என்று இருந்தது.

தலைமை ஆசிரியையை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். கெட்ட மனுஷி இல்லை. மேலே நிர்வாகக் குழு, கீழே எழுநூறு பிள்ளைகள், நடுவில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறவள். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அப்புறம் இன்னோர் இடத்தில். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இதையெல்லாம் யாரு எழுதச் சொன்னது உங்கள?"

"கட்டம் இருந்துச்சு மேடம்."

"கட்டம் இருந்தா? காது கேக்காது, கண்ணு தெரியாது, வலிப்புன்னு ஒண்ணொண்ணா எழுதி, திருப்பி அனுப்பினோம்னு நாமளே சாட்சி சொல்லி வெச்சிருக்கோம். ஒன்பது வருஷத்துல பதினொண்ணு!"

அவள் அலமாரியிலிருந்து கட்டம் போட்ட பழைய பதிவேடு ஒன்றை எடுத்தாள். ஒரு வரிகூட எழுதாதது. "இதுல எல்லாத்தையும் திரும்ப எழுதிடுங்க. அந்தப் பதினொண்ணுக்கு மட்டும் குறிப்புல 'வயது போதவில்லை', 'இடம் நிரம்பியது', இப்படி ஏதாவது போடுங்க. திங்கக்கிழமை வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு பதிவேடுகளையும் விரித்து உட்கார்ந்தார். மனைவி எதிரே பழந்துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் மடித்து அடுக்கும் வேலை அவளுக்கு. கைக்கு ஓய்வு கொடுத்தே பழக்கம் இல்லை.

முதல் இரண்டு பக்கம் சரளமாகப் போயிற்று. மூன்றாவதில் அந்தப் பதினொன்றில் ஒன்று வந்தது. காது கேட்காத பையன். கூட வந்த அப்பா பெயின்டர். முழங்கை வரைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்றாம் நாள், "அவன் எழுதுறதப் பாருங்க சார், ஒரே ஒரு தடவ" என்று ஜன்னல் கம்பிக்குள் நோட்டை நீட்டினார். ரைட்டர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் பதில் சொல்லவேண்டி வரும்.

'இடம்' என்று எழுதினார். 'நிரம்பியது' என்ற வார்த்தை வரவில்லை. பேனாவை மூடினார். திறந்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"எழுதினா எழுதுங்க, எழுதலைன்னா மூடி வைங்க" என்றாள் மனைவி தையலிலிருந்து தலை தூக்காமலே. "ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து என் உயிர வாங்காதீங்க."

மறுநாள் இரண்டு பதிவேடுகளையும் பெரிய மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"முடியல மேடம்."

"முடியலன்னா?"

"பதினொரு பொய் யோசிக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி வயசு மாத்தணும், தேதி மாத்தணும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல."

அவள் அசல் பதிவேட்டை அவர் பக்கமே தள்ளினாள். "உங்கள யாரும் நல்லவர்னு சொல்லப் போறதில்ல ரைட்டர். தெரிஞ்சுக்குங்க."

"தெரியும் மேடம்."

விசாரணை மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. ஒருநாள் அதிகாரிக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு நாள் பள்ளியின் வக்கீல் வரவில்லை. மூன்றாம் முறை கோப்பையே காணோம். ஒவ்வொரு தடவையும் ரைட்டர் பதிவேட்டைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிப் போவார். ஆணையத்தின் வராந்தாவில் அந்த அம்மாவும் பெண்ணும் இருப்பார்கள். அவர் ஒரு பெஞ்சு, அவர்கள் ஒரு பெஞ்சு. பேச்சு கிடையாது. அந்தப் பெண் மடியில் அட்டை வைத்துப் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். கல்வியாண்டு பாதி ஓடிவிட்டது. அவளுக்கு இன்னும் வகுப்பு கிடையாது.

நாலாம் முறை எல்லாரும் வந்திருந்தார்கள். விசாரணை முதல் மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது.

அம்மா அந்த அட்டையைப் படித்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"இந்த ஆபீஸையும் நம்மளச் சேர்த்துக்கச் சொல்லி மனு போடணும் போல இருக்கேம்மா" என்றாள் மகள்.

தகவல் மேலே போனது. கால் மணி நேரத்தில் விசாரணை அதிகாரியே படியிறங்கி வந்தாள். ஓய்வு பெறப் போகும் வயது, விடாத இருமல். அந்தக் கட்டடக் காவலாளியின் அறையைத் திறக்கச் சொல்லி, அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். வக்கீல் கதவோரம் நின்றார். பெரிய மேடத்துக்கு மடக்கு நாற்காலி ஒன்று கிடைத்தது. சுவரில் சாவிக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"குழந்தைங்க பேர் வேண்டாம்" என்றாள் அதிகாரி ரைட்டரிடம். "குறிப்ப மட்டும் படிங்க."

படித்தார். கேட்கும் திறன் இல்லை, வசதி இல்லாமையால் திருப்பப்பட்டது. பார்வைக் குறைபாடு, திருப்பப்பட்டது. பேச்சுத் திணறல். வலிப்பு. எழுத்து கூட்டிப் படிக்கச் சிரமப்படுவதாகத் தாய் கூறினார், திருப்பப்பட்டது. வருகைப் பட்டியல் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஏழாவதுக்கு வந்தபோது வக்கீல் இடையில் புகுந்தார்.

"இதெல்லாம் நீங்களா எழுதிக்கிட்டது. தலைமை ஆசிரியை சொல்லி எழுதினதுக்கு அத்தாட்சி இருக்கா?"

ரைட்டர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"முதல் மூணு பிள்ளைங்களுக்கு மேடத்தக் கேட்டேன். வேண்டாம்னு சொன்னாங்க. நாலாவதுல இருந்து கேக்கலைங்க."

"கேக்கலைன்னா?"

"நானே சொல்லி அனுப்பிட்டேன். எப்படியும் வேண்டாம்னுதான் சொல்வாங்க, எதுக்கு அவங்க ரூமுக்குப் படியேறணும்னு. எட்டுப் பேர் உள்ள வரவே இல்ல. ஜன்னலோட சரி. இந்தப் பாப்பாவும் அப்படித்தான்."

பெரிய மேடம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். வக்கீலுக்கு இது சாதகமா பாதகமா என்று புரியவில்லை போலும், பேனாவால் காதைச் சொறிந்தார். ஜெராக்ஸ் கடை அம்மாவின் முகத்தைப் பார்க்க ரைட்டருக்குத் துணிவில்லை. மகள் மட்டும் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள் அதிகாரி இருமிக்கொண்டே.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிள்ளையை உடனே சேர்க்க வேண்டும். அவள் படிக்கும் வகுப்பு எந்த வருஷமும் தரைத் தளத்தில்தான் இருக்க வேண்டும். சரிவுப் பாதையும் நாற்காலி நுழையும் கழிவறையும் ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். வாரம் மூன்று நாள் சிறப்பு ஆசிரியர் வர வேண்டும். கூடவே, திருப்பி அனுப்பிய மற்ற பத்துக் குடும்பங்களுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதி, விரும்பினால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும்.

கடிதங்களை எழுதும் வேலை ரைட்டர் தலையிலேயே விழுந்தது. பத்தையும் கையாலேயே எழுதினார். ஆறு கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஒரு வீட்டிலிருந்து பதில் வந்தது. மகனுக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டதாம், ஒரு கிடங்கில் பொருள் பிரிக்கும் வேலையாம், கடிதத்துக்கு நன்றியாம். இரண்டு பிள்ளைகள் சேர வந்தார்கள். பெயின்டர் நேரிலேயே வந்தார். மகன் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்று கடிதத்தைக் கம்பிக்குள் நீட்டினார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"அவன் ஸ்கூலுக்கே போகலைங்க. என்கூடச் சுவரு தேய்க்கிறான். இத அவனுக்கு எப்படிப் படிச்சுக் காட்டுறது, சொல்லுங்க? கைச் சைகைல இதுக்கு என்னன்னு காட்டுவேன்?"

ரைட்டர் எழுந்து நின்றார். பெயின்டர் நாக்கில் நரம்பில்லாமல் ஒரு கால் மணி நேரம் திட்டினார். காவலாளி ஓடி வந்தபோது, "விடுப்பா, பேசட்டும்" என்றார் ரைட்டர். திட்டி முடித்துப் பெயின்டர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க ரைட்டர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு வயது வரம்பு வந்தது. மற்ற அலுவலர்களுக்கு இரண்டு வருஷம் நீட்டிப்பு கொடுப்பது வழக்கம். அவருக்குக் கொடுக்கவில்லை. பெரிய மேடம் நிர்வாகக் குழுவிடம் பேசிப் பார்த்ததாகக் காவலாளி சொன்னார். உண்மையா என்று ரைட்டர் விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற ஒரு மாதத்தில், ஓய்வூதியத் தாள்களை நகலெடுக்க அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டி வந்தது. வேறு கடை அரை மைல் தள்ளி. முழங்கால் ஒத்துழைக்காது. அம்மா அவரைப் பார்த்தாள், தாள்களை வாங்கினாள், இயந்திரத்தில் வைத்தாள். வெளிச்சம் இடமும் வலமுமாகப் போய் வந்தது.

"பாப்பா எப்படிம்மா படிக்குது?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

"படிக்கிறா. கணக்குல முதல். வாய்க்குத்தான் பூட்டு இல்ல, வாரம் ஒரு புகார் வருது." அவள் தாள்களை அடுக்கினாள். "சிறப்பு டீச்சர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வர்றாங்க. மூணு நாளு வரணும்னு உத்தரவு. கழிவறை கட்டிட்டாங்க. ஆனா கதவு உள்பக்கமாத் திறக்குது. நாற்காலி உள்ள போனா கதவச் சாத்த முடியல. மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருக்கா."

ரைட்டர் துணிப் பையைக் கீழே வைத்தார். இத்தனைக்கும் பிறகு ஒரு கதவு.

"மனு குடுத்தீங்களா?"

"எழுதணும். கடையில ஆளு நிக்குது, வீட்டுக்குப் போனா உடம்பு அசந்து போகுது. நாளைக்கு நாளைக்குன்னு பத்து நாள் ஓடிடுச்சு." அவள் நெற்றியைத் துடைத்தாள். "அலுத்துப் போச்சு சார். சட்டத்துல எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நாமளே போய் நிக்க வேண்டியிருக்கு."

அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. உத்தரவுப்படி எழுதிய பத்துக் கடிதத்தில் அவளுக்கு ஒன்று இல்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேடையில் தள்ளினாள்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும். எழுதித் தர்றீங்களா?"

மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவின் அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் திறக்கிறது, எந்த மாதத்திலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நடுவில் ஆள் வந்தால் அவள் போய் நகலெடுத்துவிட்டு வருவாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் வாங்கிப் படித்தாள்.

"'கருணை கூர்ந்து'ன்னு எழுதியிருக்கீங்க. அது வேண்டாம்."

அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தார். அடித்தல் திருத்தலோடு கொடுக்கக் கூடாதே என்று அடுத்த தாளை எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.